பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்

அக்டோபர் ஆறாம் நாள், திங்கட்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம், கடும் மூடுபனி. நிர்வாகக் கட்டடத்துக்கும் நூலகத்துக்கும் இடையே நின்ற மரங்களின் அடிப்பாகம் மட்டுமே தெரிந்தது. மேலே கிளைகள் இருக்கின்றன என்பதை நினைவிலிருந்துதான் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்நேரத்தில், முதல் தலைமுறை மாணவர்களுக்கான கல்வி ஆலோசகர் என்ற பதவியையும் அதற்குரிய அறையின் சாவியையும் நான் பெற்றுக்கொண்டேன்.

பதவியின் பெயர்தான் நீளம். வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருப்பவர்களுக்கு எந்தப் பாடத்தை எடுப்பது, எதைக் கைவிடுவது, பேராசிரியரிடம் எப்படிப் பேசுவது, தேர்வில் தோற்றால் அடுத்து என்ன என்பதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும். மற்ற மாணவர்களுக்கு இவற்றை வீட்டில் யாராவது சாப்பிடும்போது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. என் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். தேர்வுப் பிரிவில் பல ஆண்டுகளாக விடைத்தாள் கட்டிக்கொண்டிருந்த என்னை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சாவியைத் தந்தவர் எனக்கு முன் அப்பதவியில் இருந்தவர். என்னைவிட இளையவர். பதவி உயர்வு பெற்று மாடியிலுள்ள பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறார். அறையிலிருந்த பொருள்களை வாசலில் நின்றபடியே கைகாட்டி ஒப்படைத்தார்: மேசை, அலமாரி, ஒரு பட்டை உடைந்த ஜன்னல் மறைப்பு, நாற்காலிகள். ஒரு நாற்காலி ஆலோசகருக்கு, ஒன்று மாணவருக்கு. மூன்றாவது, கைப்பிடியும் பழுப்பு மெத்தையும் உள்ளது, மேசையின் பக்கவாட்டில் மாணவரைப் பார்த்தபடி இருந்தது.

"அக்கா, அதுதான் வீடு" என்றார்.

"எது?"

"அந்த நாற்காலி. பசங்க வீட்டுல சொல்ல வேண்டியத மொதல்ல அதுகிட்ட சொல்லிப் பாப்பாங்க. ஃபெயிலானது, பாடம் மாத்துறது, எல்லாம். அம்மா அப்பா அங்க உக்காந்திருக்கிற மாதிரி நெனச்சுக்கிட்டு. ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிட்டா அப்புறம் வீட்டுல சொல்றது சுலபம்."

"நல்ல முறைதானே."

"நல்ல முறைதான். எனக்கு முன்னாடி இருந்தவங்க பழக்கம். அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கும் இதான் பழக்கமாம். ஒண்ணே ஒண்ணு, சொல்லி முடிச்ச கையோட பசங்கள எழுப்பி அனுப்பிடுங்க. பதிலுக்குக் காத்திருக்க விடாதீங்க."

"ஏன்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தார்.

"காத்திருக்கிறது நல்லா இல்லக்கா."

வெளியில் மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள் என்பதால் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை என் அம்மா விசாரணையைத் தொடங்கினாள். நாங்கள் இருவர் மட்டுமே உள்ள வீடு. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதையும் பிழிந்து பார்க்காமல் விடமாட்டாள்.

"யாராவது கேட்டா உன் வேலை என்னன்னு சொல்றது? பாடம் நடத்துறியா?"

"இல்லம்மா."

"ஆபீஸ்ல எழுதுற வேலையா?"

"அதுவும் இல்ல. பிள்ளைங்க வருவாங்க. பேசுவேன்."

"பேசுறதுக்குச் சம்பளமா?" அம்மா சிறிது யோசித்தாள். "இது தெரிஞ்சிருந்தா நான் உன்னவிடப் பெரிய அதிகாரி ஆகியிருப்பேனே."

நான் சிரித்துவிட்டு, மறுநாளைக்கான கோப்புகளைத் திறந்தேன்.

நாற்காலி முறை நன்றாகவே நடந்தது. வேதியியல் படிக்க வந்து வரைகலைக்கு மாற விரும்பிய ஒருவன் அதை "அண்ணே" என்று விளித்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். இன்னொருத்தி "சித்தி" என்று தொடங்கும் முன் தன் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். இவை எனக்கு விந்தையாகத் தோன்றவில்லை. வேறொன்றைக் கவனிக்கத்தான் சில நாள் பிடித்தது. உள்ளே வருபவர்கள் யாரும் அந்த நாற்காலிக்கு முன்னாலிருந்த இடைவெளியில் நேராக நடக்கவில்லை. உட்கார்ந்திருப்பவரின் கால் தட்டிவிடக் கூடாது என்பதுபோல் ஒதுங்கி, சற்று வளைந்து, தம் இடத்துக்குப் போனார்கள். முதல்முறை வருபவர்களும் அப்படித்தான் நடந்தார்கள்.

ஆனால் முறையில் ஒரு குறை இருந்தது. வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "சொன்னேன் மேடம். அவங்க திருப்பிப் பேச ஆரம்பிச்சதும் எல்லாம் மறந்துபோச்சு." சொல்வதற்கு ஒத்திகை இருந்தது; கேட்பதற்கு இல்லை. பாதி செய்த வேலையை முழு வேலை என்று ஏற்க என் மனம் ஒருபோதும் ஒப்பியதில்லை. ஆகவே, அடுத்து வருபவர் சிறிது காத்திருந்து, வீட்டார் என்ன பதில் சொல்லக்கூடும் என்று எண்ணிப் பார்க்கட்டும் எனத் தீர்மானித்தேன்.

அடுத்து வந்தவள் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. தோழிகள் அவளை ரசமட்டம் என்று அழைத்தார்கள். அவளுடைய தந்தை தரைக்கு ஓடு பதிப்பவர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க அவர் ஒருகாலத்தில் பயன்படுத்திய, விரல் நீளமே உள்ள ரசமட்டம் ஒன்று அவளுடைய சாவிக்கொத்தில் தொங்கியது. மூலை தேய்ந்த மஞ்சள் உறை. உள்ளே பச்சைத் திரவத்தில் ஒரு குமிழி. எங்கே உட்கார்ந்தாலும் அதை மேசைமேல் வைத்து, குமிழி நடுக்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

"உங்க மேசை சரியா இருக்கு மேடம். எங்க துறைத்தலைவரோடது ஒரு பக்கம் சாய்வு."

"அதான் உன் ரிசல்ட்டும் சாய்ஞ்சிடுச்சா?"

சிரித்தாள். இரண்டு தாள்களில் தோற்றிருந்தாள். அவற்றை மீண்டும் படிக்க ஓர் ஆண்டு கூடுதலாகும். அதைத் தந்தையிடம் சொல்ல வேண்டும். மூன்றாவது நாற்காலியைப் பார்த்து முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"அப்பா, ரெண்டு பேப்பர் போயிடுச்சுப்பா. படிக்காம இல்ல. புரியல, யாரைக் கேக்கணும்னும் தெரியல. இப்ப தெரியும். ஒரு வருஷம் கூடுதலா ஆகும்பா."

"நல்லா சொன்ன" என்றேன். "உடனே எழுந்திரிக்காத. அவர் என்ன சொல்றார்னு பொறுத்துப் பாரு."

அவள் பொறுத்தாள். ஜன்னல் மறைப்பின் உடைந்த பட்டை ஒருமுறை தட்டி ஓய்ந்தது. நடைவழியில் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல், கதவு சாத்தப்பட்டதுபோல் நின்றது. கதவோ திறந்தே இருந்தது. அவள் தலையை ஒருபக்கமாகச் சாய்த்தாள். மெல்லப் பேசுபவரின் பேச்சைக் கேட்கும்போது நாம் சாய்ப்போமே, அப்படி. அப்போது மேசைமேலிருந்த ரசமட்டத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். குமிழி நடுக்கோட்டை விட்டு, மூன்றாவது நாற்காலிக்கு எதிர்ப்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கமிருந்து யாரோ மேசைமேல் கையூன்றினால் அப்படித்தான் நகரும்.

"சரிப்பா" என்றாள் ரசமட்டம்.

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்ன சொல்வார்னு நெனச்ச?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் நெனக்கல மேடம்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

மறுவாரம் திரும்பி வந்தபோது அவள் கையில் விலகல் விண்ணப்பம் இருந்தது. எங்கள் கல்லூரியில் படிப்பை விடுவதற்கும் ஒழுங்கு உண்டு. விண்ணப்பித்து ஒரு வாரம் பொறுத்து, தொடர்வதா விலகுவதா என்ற இறுதி முடிவை மாணவரே ஆலோசகர் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட்டுப் பதிவாளர் அலுவலகத்துக்குத் தர வேண்டும். விலகுகிறேன் என்று எழுதிவிட்டால் அவளுடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். திரும்பி வர வழியில்லை.

"ஊருக்குப் போயிருந்தியா?"

"இல்ல மேடம்."

"போன்ல அப்பாகிட்ட பேசினியா?"

"வழக்கம்போலதான். சாப்பிட்டியா, தூங்கினியான்னு. இதப் பத்தி ஒண்ணும் பேசல."

"அப்புறம் யாரு படிப்ப விடச் சொன்னது?"

அவள் என்னை ஐயத்தோடு பார்த்தாள்.

"அப்பாதான். அன்னைக்கு இங்க சொன்னாரே. நீங்களும் இருந்தீங்களே மேடம்."

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"'முட்டி ரெண்டும் போயிடுச்சு. இன்னும் ஒரு வருஷம் என்னால மண்டி போட முடியாது. போதும், வந்துடு'ன்னாரு. அவருக்கு முட்டி வலின்னே எனக்குத் தெரியாது. எங்கிட்ட சொன்னதே இல்ல."

அவள் போனதும் மாடிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். முந்தைய ஆலோசகர் நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"காத்திருந்தாளா?"

"நான்தான் காத்திருக்கச் சொன்னேன்."

மறுமுனையில் அவர் பேனாவைக் கீழே வைப்பது கேட்டது.

"எனக்கும் ஒரு தடவை அப்படி ஆச்சுக்கா. ஒரு பையன். முடிவ எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான். அப்புறம் அவங்கம்மா போன் பண்ணாங்க. 'நாங்க யாரும் வரச் சொல்லலியே, கேட்டா நீதான் சொன்னேங்கிறான், என்ன சார் நடந்தது'ன்னு அழுதாங்க."

"இத மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா? என் தலையில ஏதோ கழண்டுபோச்சுன்னுதானே நெனச்சிருப்பீங்க."

"நாற்காலியத் தூக்கி வெளிய போட்டிருக்கலாம்" என்றேன்.

"போட்டேன். மறுநாள் வந்த பசங்க அந்தக் காலி இடத்தச் சுத்திக்கிட்டுதான் நடந்தாங்க. எடத்தப் பாத்துப் பேசுறதுக்கு நாற்காலியப் பாத்துப் பேசுறது மேல்னு நானே திருப்பிக் கொண்டாந்து வெச்சேன்."

தொலைபேசியை வைத்த பிறகு அறைக்கதவைச் சாத்தினேன். வெளியே நல்ல வெயில்; புல்வெளியில் யாரோ பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கேள்வித்தாளைச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பும் வழக்கம் தேர்வுப் பிரிவில் இல்லை. இதையும் சரிபார்த்துவிடலாம் என்று மாணவருக்குரிய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கும்மா."

காத்திருந்தேன். பந்து விளையாடியவர்களின் சத்தம் நின்றது. எதிரிலிருந்த பழுப்பு மெத்தையின் நடுவே ஒரு குழிவு இருந்தது. முன்பே இருந்ததா, இப்போது விழுந்ததா என்று தெரியவில்லை. சலவைச் சோப்பின் வாசனை வந்தது. பிறகு ஒரு வாக்கியம். அது காதில் விழுந்தது என்று சொல்லமாட்டேன். சற்று முன் கேட்டு, இப்போது நினைவுக்கு வரும் பேச்சுப்போல் அது எனக்குள் இருந்தது.

"ஊர்ப் பிள்ளைங்களோட பேச உனக்குச் சம்பளம். என்னோட பேச உனக்கு நேரமில்ல."

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? இன்னைக்கு எத்தன பேர்கிட்ட பேசின?"

"நாலஞ்சு பேர்."

"தொண்டை கட்டிக்கப்போவுது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மீண்டும் துணிமீது குனிந்தாள். அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

ரசமட்டத்தின் தந்தையை நேரில் வரச் சொல்வது ஒன்றே வழி என்று பட்டது. அவள் இணங்க மறுத்தாள்.

"அவர்தான் சொல்லிட்டாரே மேடம். திரும்ப வரவழைச்சு, அதையே உங்க முன்னாடியும் சொல்ல வைக்கணுமா?"

"சொல்லட்டும். ஆனா அவர் வாயால சொல்லட்டும்."

கடைசியில், காரணம் சொல்லாமல், அவளே அவரைத் தொலைபேசியில் அழைத்தாள். இறுதி முடிவு தர வேண்டிய நாள் பிற்பகலில் அவர் வந்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. துவைத்த சட்டை, நகக்கண்களில் போகாத சிமெண்டு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக உள்ளே வைத்தார். அவருடைய மகள் ஏற்கெனவே மாணவருக்குரிய நாற்காலியில் இருந்தாள். முடிவு எழுத வேண்டிய தாள் அவள் முன்னும், ரசமட்டம் தாளின் அருகிலும் இருந்தன.

"வணக்கங்க டீச்சர்."

"நான் டீச்சர் இல்லீங்க. ஆலோசகர்."

"சரிங்க டீச்சர்."

"உக்காருங்க" என்று மூன்றாவது நாற்காலியைக் காட்டினேன்.

"இருக்கட்டுங்க. நான் நிக்கிறேன். அவர் பேசி முடிக்கட்டும்."

"யாருங்க?"

பிறர் பேச்சில் தலையிட்டுவிட்டோமோ என்று கூசியவர்போல் குரலைத் தாழ்த்தினார்.

"இவருதாங்க. நம்ம பொண்ணுகிட்ட பேசிட்டிருக்காரே." நாற்காலியை மோவாயால் சுட்டினார். "நம்ம தொழில்காரர் போல. முட்டியெல்லாம் சிமெண்டு."

ரசமட்டத்தின் குமிழி மறுகோடி வரை போய் ஒட்டிக்கொண்டிருந்தது. மெத்தையின் நடுவே ஆழமான குழிவு. அவருடைய மகள் தந்தையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து நாற்காலியின் பக்கமே கேட்டுக்கொண்டிருந்தாள். பேனா அவள் விரல்களுக்கிடையில் இருந்தது.

அந்நிலையில் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சியும் எனக்குக் கற்பித்திருக்கவில்லை. பேருந்தில் முடியாதவர் ஒருவர் ஏறினால் நாம் என்ன சொல்வோமோ, அதுதான் வாயில் வந்தது.

"கொஞ்சம் எழுந்திருங்க" என்று நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன். "இவளோட அப்பா வந்திருக்காரு. அவர் நிக்க முடியாம நிக்கிறாரு. பேச வேண்டியத அவரே பேசிப்பாரு."

மழைச் சத்தம் நின்றது. ஜன்னலில் நீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. பிறகு, பழுப்பு மெத்தையின் குழிவு மெல்ல மேலெழுந்து சமமாயிற்று. குமிழி நகர்ந்து நடுக்கோட்டுக்கு வந்து நின்றது. ஓடு பதிப்பவர் யாருக்கோ வழிவிடுபவர்போல் தோளை ஒடுக்கிச் சுவரோரம் சாய்ந்து, "பரவாயில்லீங்க, போங்க" என்றார்.

மழை மீண்டும் கேட்டது.

அவர் கைப்பிடியில் உள்ளங்கையை ஊன்றி, ஒரு காலை முன்னால் நீட்டி, மடங்காத முழங்காலோடு தன்னை மெல்ல இறக்கிக்கொண்டார்.

"சூடா இருக்கே" என்று மெத்தையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார். "எதுக்கு வரச் சொன்ன?"

அவள் உறக்கத்திலிருந்து எழுந்தவள்போல் அவரைப் பார்த்தாள்.

"ரெண்டு பேப்பர் போயிடுச்சுன்னு சொன்னதுக்கு, நீதானே படிச்சது போதும்னு சொன்ன."

"நான் எப்ப சொன்னேன்?"

"முட்டி ரெண்டும் போயிடுச்சு, இன்னும் ஒரு வருஷம் மண்டி போட முடியாது, வந்துடுன்னு."

அவர் கைகளை முழங்கால்மேல் வைத்து, நகத்திலிருந்த சிமெண்டைச் சுரண்டினார்.

"நெனச்சேன்" என்றார் கடைசியில். "இதே வார்த்தைதான். ஒரு நாள் வேலை முடிஞ்சு எந்திரிக்க முடியாம தரையிலேயே உக்காந்திருந்தேன். அப்ப நெனச்சேன். சொல்லல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வந்துடுவ."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"மனசுல ஆயிரம் ஓடும் டீச்சர். சொல்லக்கூடாதுன்னுதானே வாய மூடிக்கிட்டு இருக்கோம். அதுக்குப் போயி வாயி குடுத்தது யாரு?"

அந்தக் கேள்விக்குரிய பதில் நான்தான். அவர் அதை எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை. என் அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியும், அதன்மேல் குனிந்த அவளுடைய மூடிய வாயும் என் கண்முன் வந்தன.

"முட்டி போனது உண்மைதானே" என்றாள் மகள்.

"உண்மைதான். நீ வந்து உக்காந்தா மடங்கிடுமா? தரைய விட்டுட்டேன். இப்ப சுவத்துக்கு மாறிட்டேன். குளியலறைச் சுவருக்கு ஓடு ஒட்டுறேன். நின்னுக்கிட்டே செய்யலாம்."

"இத நீ எங்கிட்ட சொல்லவே இல்ல."

"நீ ரெண்டு பேப்பர்ல கோட்டை விட்டத எங்கிட்ட சொன்னியா?"

அழுகையா சிரிப்பா என்று பிரித்தறிய முடியாத ஓர் ஒலி அவளிடமிருந்து வந்தது. அவர் மேசைமேல் கையை நீட்டி ரசமட்டத்தைத் திருப்பி வைத்துக் குமிழியைப் பார்த்தார்.

"மட்டமாத்தான் இருக்கு. இனிமே நீயே யோசிச்சு எழுது. நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

உண்மையிலேயே ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். நானும் பேசவில்லை, அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் நெடுநேரம் தாளைப் பார்த்தாள். ஒருமுறை நாற்காலியின் பக்கம் தலையைச் சாய்த்தாள். அங்கே தந்தை மட்டும் இருப்பதைக் கண்டு நிமிர்ந்தாள். "தொடர்கிறேன்" என்று எழுதி, அதற்குக் கீழே தன் பெயரை முழுமையாகக் கையெழுத்திட்டாள். சாட்சியாக நான் இட்ட கையெழுத்து சற்றுக் கோணலாக விழுந்தது.

அதைப் பெற்றுக்கொள்ளப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து வந்தவர் முந்தைய ஆலோசகரேதான். வழக்கம்போல் வாசலுக்கு அப்பால் நின்றார். அவருடைய சட்டையின் ஒரு தோள்பட்டையில் வெளுத்த சிமெண்டுத் தூள் படிந்திருந்தது. அதைத் தட்டிக்கொண்டே நடைவழியின் மறுகோடியைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப இங்கேருந்து யாராவது வெளிய போனாங்களாக்கா? இடிச்சுக்கிட்டுப் போன மாதிரி இருந்துச்சு."

"தாள வாங்கிக்குங்க" என்றேன்.

ரசமட்டம் எழுந்தாள். தந்தையின் நீட்டிய காலைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்து, கையெழுத்திட்ட முடிவை அங்கே நின்றவரிடம் கொடுத்தாள்.